ராகி பிஸ்கட் உதிர்ந்தால்

தோழி, எட்டு மாதக் குழந்தைக்கு ஈறு அரிக்கும்போது கடிக்க, ராகி மாவு, நாலு ஸ்பூன் நெய், பேக்கிங் பவுடர், தேன் சேர்த்துச் செய்த பிஸ்கட் வாயில் வைத்ததும் துண்டு துண்டாக உடைகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் தேனை நிறுத்துங்கள். ஒரு வயது முடியும்வரை வேண்டவே வேண்டாம். பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கான கிருமி வித்து அதில் இருக்கலாம், சுட்டாலும் அது சாகாது. வீட்டுப் பெரியவர்கள் "நாங்க நாக்குல தடவலையா" என்பார்கள், அசையாதீர்கள்.

உதிர்வதற்குக் காரணம் நெய்யும் பேக்கிங் பவுடரும்தான். ராகிக்கு ஒட்டும் தன்மையும் கிடையாது. அரை கப் ராகி மாவு, அரை கப் கோதுமை மாவு, நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, நெய் ஒரு டீஸ்பூன் போதும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். உங்கள் விரல் நீளத்துக்கு, விரலைவிடத் தடிமனாக உருட்டுங்கள். 150 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டு, ஓவனை நிறுத்திவிட்டு அதன் உள்ளேயே ஆறவிடுங்கள். நடுவில் ஈரம் இருந்தால் மறுபடி சுடலாம்.

கோதுமை இதுவரை கொடுத்ததில்லை என்றால் முதலில் கொஞ்சம் கஞ்சியாகக் கொடுத்து, தடிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும் எச்சிலில் ஊறினால் நுனி பிய்யும். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே இருங்கள். நுனி கொழகொழத்ததும் வாங்கிவிடுங்கள். இரவில் ஈறு அரித்தால் பிஸ்கட் வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத் துணியே நல்லது.