இரண்டு சப்ளையர் இருந்தால் போதுமா?

கேள்வி: தண்ணீர் பம்ப் தயாரிக்கிறேன். ஆர்டர் கூடிக்கொண்டே போகிறது. பேரிங் வரத் தாமதமாகி, போன மாதம் வேலையே நின்றுபோனது. இப்போது இரண்டாவது சப்ளையரையும் பிடித்துவிட்டேன். ஸ்டாக்கில் பணம் முடங்குகிறது, குறையுங்கள் என்கிறார் ஆடிட்டர். குறைக்கலாமா?

பதில்: அந்த இரண்டாமவர் பேரிங்கை யாரிடம் வாங்குகிறார் என்று கேட்டீர்களா? இருவருக்கும் ஒரே இறக்குமதியாளர் என்றால், உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது இன்னொரு பில் புத்தகம் மட்டும்தான்.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஜப்பானில் கார்களுக்கு எலெக்ட்ரானிக் சிப் தயாரிக்கும் ரெனெசாஸ் கம்பெனியின் நாக்கா ஆலை நின்றுபோனது. கார் கம்பெனிகளுக்குச் சப்ளையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் சிப்புக்கு அந்த ஓர் ஆலையையே நம்பியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. பிறகு டொயோட்டா, சப்ளையருக்குச் சப்ளையர் யார் என்று அடுக்கடுக்காக விசாரித்துப் பட்டியல் எடுத்தது. சிப்பை மாதக்கணக்கில் இருப்பு வைக்கவும் சொன்னது. ஸ்டாக்கைக் குறைப்பது எப்படி என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி அது! 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களைவிடச் சில மாதங்கள் தாக்குப்பிடித்ததும் அதனால்தான். (2021 மார்ச்சில் அதே நாக்கா ஆலையில் தீயும் பிடித்தது. என்ன சொல்ல!)

ஆடிட்டர் சொல்வதில் பாதி சரி. எல்லாச் சாமானையும் குவிக்காதீர்கள். எது இல்லாவிட்டால் பம்ப் வெளியே போகாதோ, எது கிடைக்க நாளாகுமோ, அதை மட்டும் வையுங்கள். விலையைப் பார்க்காதீர்கள், ஒரு சின்ன ஆயில் சீல் இல்லாமலும் மொத்த வேலையும் நிற்கும். பெயிண்ட், அட்டைப்பெட்டிக்கெல்லாம் இவ்வளவு கவலை வேண்டாம்.

எவ்வளவு வைப்பது? சப்ளையர் வாயால் சொல்லும் தேதியை நான் என்றைக்கும் கணக்கில் எடுத்ததில்லை. ஆர்டர் கொடுத்த தேதியையும் சரக்கு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 பேரிங் செலவு, வழக்கமாக 10 நாளில் வருகிறது, மோசமான தடவை 25 நாள் ஆனது என்று வையுங்கள். கையிருப்பு 400 ஆனதும் ஆர்டர் போடுவதுதான் பலர் வழக்கம். அந்த மோசமான தடவை வந்தால் 15 நாள் சும்மா உட்கார வேண்டும். 1,000 இருக்கும்போதே போட்டுவிடுங்கள். தினச் செலவு 60 ஆனால் அது 1,500. வியாபாரம் வளரும்போது பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ஆர்டர் ஏறும், பழைய கணக்கு அப்படியே கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

இன்னொன்று. பெரிய வாடிக்கையாளரிடம் அடுத்த மூன்று மாதத் தேவையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அவருக்கென்று தனியாகச் சரக்கு ஏற்றாதீர்கள். ஆர்டர் வந்த பிறகு எத்தனை நாளில் தர முடியும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.