கையை நீட்டுங்கள், கண்ணை மூடுங்கள்: மூளைக் கட்டியும் டாக்டரின் சோதனைகளும்

கேள்வி: தலைவலி என்று போனால் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார். ஏன்?

பதில்: பார்வை நரம்பைச் சுற்றியும் மூளையைச் சுற்றியும் இருப்பது ஒரே நீர்தான். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த நரம்பின் முனை வீங்கி, விளிம்பு கலங்கித் தெரியும். வீக்கம் இல்லையென்றால் கட்டியும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வயதானவர்களுக்கு மூளை சுருங்கி இடம் விட்டிருக்கும். கட்டி வளர்ந்த பிறகும் கண் சாதாரணமாகவே இருக்கலாம்.

கேள்வி: கை பலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளங்கை மேலே தெரிய இரண்டு கைகளையும் நீட்டி, கண்ணை மூடச் சொன்னார்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சோதனை! அரை நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் போதும். பலவீனம் ஒளிந்திருந்தால், முதலில் ஒரு கையின் உள்ளங்கை மெல்ல உள்பக்கம் திரும்பும், அப்புறம் கை தானாகக் கீழே இறங்கும். நோயாளிக்கோ இரண்டும் நேராக இருப்பதாகவே நினைப்பு. கண்ணைத் திறந்ததும் "அட, எப்போது இறங்கியது?" என்பார். கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தால் அகப்படாத பலவீனம் இது. இடது கை இறங்கினால் சந்தேகம் மூளையின் வலது பக்கத்தின் மேல்.

கேள்வி: அண்ணனுக்கு வலது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கட்டி அந்த நரம்பில்தானா?

பதில்: அவசியமில்லை. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு சில நேரம் பொய்சாட்சி சொல்லும். கட்டி எங்கோ இருக்கும், மண்டைக்குள் ஏறிய அழுத்தம் இதைப் படுத்தும். இடத்தை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: 4 வயது மகளின் முதுகில் காப்பி நிறத்தில் இரண்டு திட்டுகள். நரம்புக் கட்டி வருமா?

பதில்: ஒன்றிரண்டு பலருக்கும் உண்டு, பயம் வேண்டாம். இந்த வயதில் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக 6 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நரம்புக் கட்டிகள் வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோயை நினைப்போம். அக்குளில் சின்னப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்போம்.

கேள்வி: அப்பாவுக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி குறைந்துவிட்டது. கால்களும் தள்ளாடுகின்றன.

பதில்: உணர்ச்சி இப்படிக் கோடு போட்டாற்போல் நின்றால் மூளையைவிடத் தண்டுவடத்தின் மேல்தான் சந்தேகம். தொப்புள் மட்டம் என்பது நெஞ்சுப் பகுதியின் 10ஆம் நரம்பு. அழுத்தும் கட்டி அங்கேயோ அதற்கு மேலேயோ இருக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று வழியிலேயே கேட்டு, டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.