பனியில் நிற்பவருக்கு எந்த பூட்ஸ்?

கேள்வி: பறவைகளைப் படமெடுப்பதற்காகக் குளிர்காலத்தில் அதிகாலையிலேயே கிளம்பி, உறைபனியில் நெடுநேரம் நிற்கிறேன். மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்ட பூட்ஸும், உள்ளே இரண்டு தடித்த காலுறைகளும் அணிந்தும், அரை மணி நேரத்தில் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. இதைவிடக் கனமான பூட்ஸ் வாங்கலாமா?

பதில்: புதிதாக வாங்குவதற்கு முன், இரண்டாவது காலுறையைக் கழற்றிவிட்டு அதே பூட்ஸுடன் ஒரு நாள் நின்று பாருங்கள். பூட்ஸ் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இரத்தம் பாதத்துக்குக் கொண்டுவரும் வெப்பம் வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும். அதோடு, காற்றைத் தேக்கிவைத்துக் குளிரைத் தடுக்கும் உட்படலமும் நசுங்கிப் பயனற்றுப் போகும். உங்கள் விரல்கள் மரத்துப்போவதற்கு இந்த இறுக்கமே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். காலுறையோடு பூட்ஸை மாட்டிக் கயிற்றைக் கட்டிய பிறகும், விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும். குதிகால் மட்டும் மேலெழும்பக் கூடாது. பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அளவு பார்க்க அதுவே சரியான நேரம்.

அட்டையில் உள்ள டிகிரிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதிப்பதில்லை. நடப்பவருக்குப் போதுமான பூட்ஸ் அசையாமல் நிற்பவருக்குப் போதாது. உட்படலத்தின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறித்திருப்பார்கள். வேகமாக நடப்பவருக்கு 200 கிராமே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் வியர்த்து, அந்த ஈரத்தாலேயே பாதம் குளிர்ந்துவிடும். உங்களைப் போல் நிற்பவர்கள் 800 கிராமோ அதற்கு மேலோ உள்ளதைத் தேடலாம்.

பலர் அடிப்பாகத்தைக் கவனிப்பதே இல்லை. நிற்பவரின் வெப்பத்தை உறைந்த தரை உள்ளங்கால் வழியாகத் தொடர்ந்து இழுத்துக்கொள்கிறது. மேற்புறத்தில் எத்தனை கிராம் இருந்தாலும் அதைத் தடுக்காது. அடி தடிமனாகவும், உள்ளே கம்பளியை அழுத்திச் செய்த துணியாலான இன்சோல் (பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்விரிப்பு) உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். இன்சோல் தனியாகவும் கிடைக்கும். அதைச் சேர்த்தபின் விரல்களுக்கு இடம் குறைகிறதா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும்.

காலுறை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உள்ளுறையைத் தனியே கழற்றக்கூடிய பூட்ஸ் கிடைத்தால், என் தேர்வு அதுதான். இரவில் வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தலாம். பூட்ஸை அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அருகில் வைத்தால் அதன் தோலும் பசையும் கெட்டுவிடும்.

எந்த பூட்ஸ் அணிந்திருந்தாலும், விரல்கள் உணர்விழந்து வெளுத்துவிட்டால், உடனே கதகதப்பான இடத்துக்குச் செல்லுங்கள். அவற்றைத் தேய்க்கவோ தீயில் காட்டவோ கூடாது. உணர்வோ நிறமோ திரும்பாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.