ஒரு கண் மட்டும்

அன்புள்ள ஐயா,

ஒரு கவின்கலைக் கல்லூரியில் இரண்டு வருடமாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன், முதலாமாண்டுக்கு டிராயிங் எடுக்கிறேன். செல்போனில் உள்ள போட்டோவைக் கட்டம் போட்டு வரையச் சொன்னால் கிழவரின் முகச்சுருக்கம், கண்ணுக்குள் தெரியும் ஜன்னல் வெளிச்சம் எல்லாம் அப்படியே வந்துவிடுகிறது. அதே பிள்ளைகள் முன்னால் ஒரு ஆளை உட்காரவைத்தால் தடுமாறுகிறார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் ஒரு கண் மட்டும் பிரமாதமாக இருக்கிறது, உடம்பைக் காணோம். மாடலைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்கள். துறைத்தலைவரோ "காலம் மாறிடுச்சு, விடுங்க சார்" என்கிறார். நான்தான் பழைய ஆளா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒற்றைக் கண்ணைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பதினோரு வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன், எத்தனையோ தாள்களில் அது என்னையும் பார்த்து முழித்திருக்கிறது.

முதலில் உங்கள் துறைத்தலைவர். தட்டையான படத்தைப் பார்த்துத் தட்டையான தாளில் வரைவது நம் கலைக்கல்லூரிகளுக்குப் புதுசே இல்லை. சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அந்த நூற்றாண்டில் இந்தியக் கலைப்பள்ளிகளில் லண்டன் சவுத் கென்சிங்டன் பாடமுறைக்குப் பெரிய செல்வாக்கு. அச்சடித்த படத்தைப் பிசகாமல் நகலெடுப்பதில் தொடங்கி, அப்புறம் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து வரைவது என்று படிப்படியாக ஏறவேண்டும், உயிருள்ள ஆள் வருவது ரொம்பப் பின்னால். அந்த அச்சுப்படம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் இருக்கிறது. பழைய ஆள் அவர்தான், சொல்லிவிடாதீர்கள்.

போட்டோ பார்த்து வரைவது கேவலம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், பத்திரிகைக்காரர்கள் சாயங்காலத்துக்குள் படம் கேட்டால் நானும் போட்டோவைத்தான் தேடுகிறேன். ஆனால் படிக்கிற வயதில், கண்முன் இருக்கும் ஆளைத் தாளுக்குக் கொண்டுவர எடுக்கவேண்டிய முடிவுகளில் பாதியைக் கேமரா முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. கிட்டத்தில் வைத்து எடுத்த செல்போன் படத்தில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கியிருக்கும், பிள்ளை அதையும் சேர்த்தே நகலெடுக்கும். கட்டம் போட்டுவிட்டால் முகம் என்ற ஒன்றே கிடையாது, சின்னச் சின்னச் சதுரங்கள்தான்.

அதனால் நேரத்தைக் குறையுங்கள். முப்பது வினாடிக்கு ஒரு நிலை, உட்கார்ந்தவுடன் நாற்பது படம். பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு கரிக்கட்டையைக் கொடுங்கள், தாளும் மலிவான நியூஸ்பிரிண்டாக இருக்கட்டும், நல்ல தாளைக் கொடுத்தால் விலை ஞாபகம் வந்து கை நடுங்கும். முப்பது வினாடிக்குள் கண்ணிமை போட முடியாது, எந்தக் காலில் கனம் நிற்கிறது, முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்று பிடிக்கத்தான் நேரம் இருக்கும். முதல் வாரம் கோபப்படுவார்கள். "இது கிறுக்கல் சார்" என்று ஒரு பெண் என்னிடம் சண்டைக்கே வந்தாள். அவளுக்கு ஓவியர் ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் புரட்டிவிட்டுப் போனாள், மறுநாள் கரியோடு வந்தாள்.

அப்புறம் இன்னொன்று. இடுப்பில் கைவைத்து ஒருவரை நிற்கச் சொல்லி, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரிகிற முக்கோண வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். கை என்றால் எல்லோருக்கும் ஒரு கை ஏற்கனவே தெரியும், அதைத்தான் போடுவார்கள். அந்த முக்கோணத்துக்குப் பெயரே இல்லை, பார்த்தே ஆகவேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, காதுக்கு நேர்கீழே முழங்கால் வருகிறதா பாதம் வருகிறதா என்று பார்க்கச் சொல்வதும் இதற்குத்தான். சிற்பம் செய்யும் குடும்பத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், தாலக்கணக்கு, அதாவது சிலையின் உறுப்புகளுக்குச் சிற்பநூல் சொல்லும் அளவுமுறை, தலைகீழ்ப் பாடம். மாடலாக உட்கார்ந்த பூக்கார அம்மா அவன் தாளில் அம்மனாக வந்திறங்கினார். தேவிக்குச் சொன்ன மத்திம தசதாலம், மொத்த உயரம் 120 அங்குலம் (இஞ்ச் இல்லை, உயரத்தைப் பிரித்த பங்கு), ஒரு நூல் பிசகவில்லை. எதிரே இருந்த அம்மாவோ கழுத்தே தெரியாமல் குறுகி உட்கார்ந்திருந்தார். அவனுக்கு நூலும் நட்டும்தான் உதவின.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மாணவர்களின் பென்சிலை வாங்கி அவர்கள் தாளிலேயே திருத்திவிடுவேன். ஒருநாள் அப்படித் திருத்திக் கொடுத்த தாளை ஒரு பையன் மரியாதையாக மடித்து என்னிடமே நீட்டினான். "இது உங்க படம் சார், நான் வேற போட்டுக்கறேன்." அதற்கப்புறம் எது சொல்வதானாலும் தனித்தாளில்தான்.

மதிப்பெண்ணையும் கவனியுங்கள். செமஸ்டருக்கு ஐந்து முடித்த படம் என்று கேட்டால் செல்போனைப் பார்த்து முடித்துத்தான் கொடுப்பார்கள். இன்டர்னல் உங்கள் கையில் இருந்தால், முந்நூறு தாளைக் கட்டிக்கொண்டு வரச்சொல்லி, முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள்.

மாடலைப் போட்டோ எடுக்க மட்டும் விடாதீர்கள். அவர் ஒத்துக்கொண்டது உங்கள் வகுப்பில் உட்கார, முப்பது செல்போனுக்குள் போக இல்லை. நீண்ட நிலை என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவிடுங்கள், எழுவதற்கு முன் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். திரும்பி உட்காரும்போது தலை கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். டீ முதலில் அவருக்கு.