வரலாற்று விடையில் சான்றும் வாதமும் எப்படி வர வேண்டும்?

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். வரலாற்றுக் கேள்விகளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் பாதி மதிப்பெண்தான் வருகிறது. ‘தகவல் இருக்கிறது, வாதம் இல்லை’ என்று திருத்தியவர் எழுதியிருக்கிறார். சான்றோடு வாதம் செய்து எழுதுவது என்றால் என்ன?

பதில்:

‘தெரிந்த எல்லாவற்றையும் எழுதுகிறேன்’ என்கிறீர்களே, மதிப்பெண் போவது அந்த இடத்தில்தான். எம்.ஏ. முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். ராஜராஜன் ஆட்சி பற்றிய கேள்விக்கு 9 பக்கம். 985-இல் பட்டம், காந்தளூர்ச்சாலை, ஈழம், நில அளவை, 1010-இல் பெரிய கோயில் என்று ஒன்று விடாமல் எழுதி, ‘எனவே இது ஒரு பொற்காலம்’ என்று முடித்திருந்தேன். பேராசிரியர் அந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு ‘யாருக்கு?’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். 20-க்கு 8. இப்போது கும்பகோணம் பக்கம் வரலாறு நடத்திக்கொண்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டும் 20 வருடம் ஓடிவிட்டது. எத்தனையோ தாள்களில் அதே கேள்வியை நானும் எழுதியிருக்கிறேன்.

சான்று என்றால் என்ன என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் யாருடையது என்று தகராறு வந்தது. அப்பா ஒரு துணிப்பையில் பட்டா, அடங்கல் நகல், பழைய புல வரைபடம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, ஓய்வு பெற்ற கிராமக் கணக்கர் ஒருவரின் வீட்டுத் திண்ணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அவர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ‘இது எந்த வருஷத்துத் தாள், எழுதினவர் யாரு, எதுக்காக எழுதினாரு?’ என்று கேட்டுக்கொண்டே வந்தார். அடங்கல் எந்தப் பசலியில் (வருவாய்த் துறை ஆண்டில்) என்ன பயிர் இருந்தது என்று சொல்லும், வாய்க்கால் யாருடையது என்று சொல்லாது என்று தனியே வைத்தார். தண்ணீர் பாய்ச்சும் பெரியவர் எங்களுக்கு எதிராகச் சொன்ன வாக்கை அவர் தள்ளவில்லை. ‘அவரு பொய் சொல்ல மாட்டாரு. ஆனா கூலி வாங்குறது அவங்ககிட்ட, அதையும் சேத்துப் பாக்கணும்’ என்றார். கடைசியில் அவர் அதிக எடை கொடுத்தது புல வரைபடத்துக்கு. தகராறு வருவதற்குப் பல வருடம் முன்னால், இரண்டு பக்கமும் சேராத ஒருவர் வரைந்தது அது.

கல்லூரியில் மூலச் சான்று பற்றிப் பாடம் வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான். ஒரு தகவல் நம்மிடம் கிடப்பது வேறு, ஒரு கேள்விக்குச் சாட்சியாக வந்து நிற்பது வேறு. அடங்கல் எவ்வளவு உண்மையான தாளாக இருந்தாலும் வாய்க்கால் வழக்கில் அதற்கு வேலையில்லை. உங்கள் விடையில் இருக்கும் தகவல்களில் பாதி அப்படி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்றையே எடுத்து எழுதிப் பார்ப்போம். கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தின் வெற்றிக்குத் தஞ்சை மாவட்ட மக்களின் ஆதரவு எந்த அளவுக்குக் காரணம்?’

பெரும்பாலான விடைகள் தண்டியில் தொடங்கும். மார்ச் 12 காந்தி புறப்பட்டார், ஏப்ரல் 6 உப்பு எடுத்தார். தமிழகத்தில் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள், 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள், 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்து ராஜாஜி கைதானார். நாமக்கல் கவிஞரின் பாட்டு இரண்டு வரி. முடிந்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. நடந்ததைச் சொன்னவர் ஏன் நடந்தது என்று சொல்லவில்லை.

இனி அதே தகவல்களைத் திண்ணையில் வைத்துப் பாருங்கள்.

தஞ்சை ஆட்சியராக இருந்த தோர்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று எச்சரித்திருந்தார். பல மாணவர்கள் இதை ‘மக்கள் ஆதரவளித்தார்கள்’ என்பதற்குச் சான்றாக எழுதுகிறார்கள். அந்த எச்சரிக்கை அவ்வளவு தூரம் சொல்லாது. மக்கள் கொடுத்துவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது என்பது வரைக்கும்தான் அது சாட்சி. கொடுத்தார்களா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி பயணத்திலேயே இருக்கிறது. 100 பேர் இரண்டு வாரத்துக்கு மேல் கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தடை இருந்தும் வழியில் யாரோ சமைத்துப் போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் நடந்திருக்க முடியாது. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று சொல்லப்படும் செய்தி இதோடு சேரும்போதுதான் வலுப்பெறுகிறது. அதை மட்டும் தனியாக எழுதினால் கதையாக நின்றுவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி தோர்ன் தானே எழுதியது. அரசின் மேல் மக்களுக்குப் பற்று என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது இல்லாமல் போய்விட்டது என்ற பொருளில் அவர் எழுதினார். காங்கிரஸ்காரர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பாதி எடைதான் கொடுக்கலாம். இயக்கத்தை அடக்க வேண்டியிருந்த அதிகாரி, தனக்குச் சாதகமில்லாத ஒன்றை ஒப்புக்கொள்கிறார். பக்கத்து வயல்காரரே ‘வாய்க்கால் அவங்களுதுதான்’ என்று சொன்ன மாதிரி. விடையில் மேற்கோளைப் போட்டுவிட்டு நகராதீர்கள். இது ஏன் நம்பத்தக்கது என்று ஒரே ஒரு வரி சேருங்கள். திருத்துபவர் தேடிக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

வேதாரண்யத்தில் முடி திருத்தும் தொழிலாளி வைரப்பன் காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை போனதையும் எல்லோரும் எழுதுவார்கள். அவசியம் எழுதுங்கள். ஆனால் அதிலிருந்து ‘எல்லாத் தரப்பு மக்களும் ஒன்றுதிரண்டனர்’ என்று தாவாதீர்கள். ஒரு மனிதரின் துணிவு அது. ஆதரவு படித்தவர், வசதியானவர் வட்டத்தைத் தாண்டியும் போயிருந்தது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவே. சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் பாரம் ஏற்ற வேண்டும்.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தண்டி ஏற்கெனவே நாடு முழுக்க அலையை எழுப்பியிருந்தது. ராஜாஜி தொண்டர்களைக் கட்டுப்பாடாக நடத்தினார். வேதாரண்யத்தில் உள்ளூர்க் காங்கிரஸ் தலைவர் வேதரத்தினம் பிள்ளை இருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது இல்லாமல் இருந்திருந்தால்?’ என்று கேட்டுப் பாருங்கள். தலைமை இல்லாவிட்டால் பயணம் தொடங்கியிருக்காது. ஊர்கள் இல்லாவிட்டால் பயணம் பாதியில் நின்றிருக்கும். இதோ உங்கள் வாதம் கிடைத்துவிட்டது. விடையின் முதல் பத்தி இப்படி வரலாம்:

‘வேதாரண்யப் பயணத்தைத் தொடங்கி வைத்தது தண்டியின் தாக்கமும் ராஜாஜியின் திட்டமிடலும். அரசுத் தடையை மீறி அது இலக்கைச் சென்றடைந்ததற்கு வழியோர ஊர்களின் ஆதரவே முதன்மைக் காரணம். ஆட்சியரின் எச்சரிக்கையையும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும்.’

முன்னுரையில் பாரத நாட்டின் பெருமை, அன்னியர் வருகை எதுவும் வேண்டாம். நேரே வாய்க்காலுக்கு வாருங்கள்.

இப்போது பெரிய கோயிலுக்கு. அந்த ‘யாருக்கு?’ என்ற சொல் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டுத் தொகுதியின் நகலை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொல்லி அரசன் ஆணையிடும் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கும். ஆனால் அது அரசன் தன் கோயிலில் தன் வாயால் தன் கொடையைப் பற்றிச் சொல்வது என்பதும் அன்றுதான் உறைத்தது.

அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரின், பட்டியல் இருக்கிறது. பெயர், முன்பு இருந்த கோயில், இப்போது எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை எழுதி, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வகுத்திருக்கிறார்கள். இதிலிருந்து என்ன சொல்லலாம்? சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆட்களை ஓரிடத்துக்கு வரவழைக்கும் அதிகாரம் அரசனுக்கு இருந்தது. வீடு வீடாகக் கணக்கு வைக்கும் நிர்வாகம் இருந்தது. வருடந்தோறும் அவ்வளவு நெல்லை ஒரு கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கவும் முடிந்தது. இந்த மூன்றையும் தைரியமாக எழுதலாம். அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, நெல்லை விளைவித்தவர் வீட்டில் மிச்சம் இருந்ததா என்பதைப் பற்றி அந்தக் கல் பேசவில்லை. ‘பேசவில்லை’ என்பதையும் விடையில் ஒரு வரியாக எழுதலாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. ‘பொற்காலம்’ என்று நான் எழுதிய இடத்தில், ‘நிர்வாகத் திறனுக்கு வலுவான சான்று உண்டு, பொதுமக்களின் வாழ்க்கைத் தரத்துக்கு இந்தக் கல்வெட்டுகள் நேரடிச் சான்று ஆகா’ என்று எழுதியிருக்க வேண்டும்.

கல்லணை இன்னும் சிக்கல். ஒரு மதிப்பெண் வினாவில் கல்லணையைக் கட்டியவர் கரிகாலன், சந்தேகம் வேண்டாம். கட்டுரை வினாவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பட்டினப்பாலை கரிகாலனைக் ‘காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி’யவன் என்கிறது. அணை பற்றிய பேச்சு அதில் இல்லை. காவிரிக்குக் கரை எடுத்தான் என்று சொல்வது ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. கரிகாலனுக்கும் அந்தச் செப்பேட்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதுவும் சோழ வம்சத்தின் பெருமையைப் பாட எழுதிய பகுதியில் வருகிறது. இதனால் மரபு பொய்யாகிவிடாது. ‘சமகாலச் சான்று காடு திருத்தியதையும் நீர்நிலைகளையும் காட்டுகிறது, காவிரிக் கரை பற்றிய செய்தி பிற்காலச் சான்றில் வருகிறது’ என்று பிரித்து எழுதத் தெரிந்தவரை எந்தத் திருத்துநரும் கவனிக்காமல் போக மாட்டார். அரைப் பக்கம் புகழுரையை விட இந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம்.

‘மாற்றமும் தொடர்ச்சியும்’ என்று வரும் கேள்விகளுக்கும் காவிரியே நல்ல பயிற்சி. கொள்ளிடம் தண்ணீரை அதிகம் இழுத்துக்கொண்டு காவிரி மணல் மேடிட்டதால் 1836–38-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1934-இல் மேட்டூர் வந்தது. வயலுக்கு நீர் போகும் கிளை ஆறுகளும் வாய்க்கால்களும் பெரும்பாலும் பழையவை, அது தொடர்ச்சி. தண்ணீர் எப்போது வரும் என்பதை மழையும் வெள்ளமும் மட்டும் தீர்மானித்த நிலை போய், தொலைவில் ஒரு மதகைத் திறக்கும் தேதிக்கு டெல்டா காத்திருக்கத் தொடங்கியது, அது மாற்றம். ஜூன் 12 என்ற தேதிக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு அப்படி வந்ததுதான். இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதாமல், எதில் மாற்றம், எதில் தொடர்ச்சி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. எழுதத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வியின் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். ‘விவரி’ வேறு, ‘ஆராய்க’ வேறு, ‘மதிப்பிடுக’ வேறு. ஓரத்தில் உங்கள் முடிவை ஒரு வரியில் எழுதிவிட்டு அதற்கு மூன்று சாட்சி தேடுங்கள். எதிர்ச் சாட்சி ஒன்றாவது இருக்கட்டும். ஆண்டு மறந்துபோனால் ஊகித்து எழுத வேண்டாம், ‘1930-களில்’ என்று எழுதுங்கள். தவறான ஆண்டு ஒன்று, பக்கத்தில் இருக்கும் சரியான சான்றின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும்.

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியை நீங்களும் செய்யலாம். எழுதி முடித்த விடையில் ஒவ்வொரு சான்றாகக் கையால் மறைத்துவிட்டு, முதல் பத்தியில் சொன்ன முடிவு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். எதை மறைத்தாலும் முடிவு அசையவில்லை என்றால் அந்தச் சான்றை நீங்கள் இன்னும் வாதத்தோடு கோக்கவில்லை. வேதாரண்யக் கேள்வியையே முதலில் எழுதிப் பாருங்கள், தோர்ன் எழுதியதை மறைத்துவிட்டு ஒரு முறை, மறைக்காமல் ஒரு முறை.