மதுவை விட்ட கணவர், காபியை விட மறுக்கிறார்

கேள்வி: என் கணவர் (46) மதுவை நிறுத்தி 40 நாள்கள் ஆகின்றன. இப்போது தினமும் ஏழெட்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறார். இரவு இரண்டு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறார். ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. காபியையும் நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், கடும் தலைவலியும் எரிச்சலும்தான் மிஞ்சும். மாலை ஆறு மணியானால் மதுக்கடைக்குக் கிளம்பியே பழகிய மனிதருக்கு, அந்த வேளையில் கையில் பிடித்துக்கொள்ளச் சூடான டம்ளர் ஒன்று இருப்பது சிறிய உதவியல்ல. காபியை மதுவோடு ஒப்பிடவும் வேண்டாம். அது குடும்பத்தைக் குலைப்பதில்லை.

எனக்குக் கவலை தருவது அவருடைய தூக்கம். நாள் முழுதும் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளே தூக்கத்தை வரவழைக்கிறது. காபியிலுள்ள கஃபீன் அதன் வழியை மறித்துக்கொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதுவால் கல்லீரல் நலிந்திருந்தால் இன்னும் கூடுதலாகும். இரவு எட்டு மணிக் காபியில் பாதி, ஒரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மதுவை விட்டவர்களுக்குத் தூக்கம் சீராகச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால், அந்த நீண்ட இரவுகளில்தான் ‘ஒரே ஒரு கட்டிங்’ என்ற நினைப்பு எட்டிப் பார்க்கும். அதிகக் காபியால் வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும், உடம்பு மது கேட்கிறது என்று அவரே தவறாக எடுத்துக்கொள்ளவும் கூடும்.

ஆகவே இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, மூன்று சிறிய டம்ளரில் நிறுத்துங்கள். கடைசி டம்ளர் பிற்பகல் ஒரு மணிக்குள் முடியட்டும். மாலை ஆறு மணி டம்ளரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் சுக்குமல்லிக் காபியை ஊற்றிக் கொடுங்கள். பெயரில்தான் காபி, காபித்தூள் சேர்க்காதவரை கஃபீன் கிடையாது. சர்க்கரையின் அளவையும் கவனியுங்கள். காபிக்கும் கல்லீரல் நலத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் கூறுவது உண்மையே; அதை நம்பி ஈரல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மது அருந்தினால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்து குடியைத் தடுக்கும் டைசல்பிரம் மாத்திரையை அவர் எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அது கஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், எடுப்பவராக இருந்தால் காபியை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும், மருத்துவரிடம் சொல்லுங்கள். யாராவது அதைக் காபியில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னால், தயவுசெய்து செய்யாதீர்கள். அறியாமல் அவர் மது அருந்த நேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.