கதைகளில் கறாரான அப்பாக்கள் பாசத்தை ஏன் நேரில் காட்டுவதில்லை?

நேரில் காட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும், அதனால்தான். இப்படிப்பட்ட அப்பாவுக்கு நம் ஊரில் பெயரே 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு ஊரையே நடுங்கவைத்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. (2006-இல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரும் 'எம்டன் மகன்'தான், அப்பாவாக நாசர்.)

எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட அப்பாவின் பாசத்தைப் பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் கசியவிடுவார்கள். மகனிடம் நாள் முழுக்கப் பேசாதவர், ராத்திரி அடுக்களைப் பக்கம் திரும்பி, "அவன் சாப்ட்டானா?" என்பார். முன்னிலையில் வராத பாசம் படர்க்கையில் வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் அப்பா கட்டிப்பிடித்து அழுதால் எனக்கு ஒட்டாது. விடியுமுன் மகனின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்துவிட்டு, எழுந்ததும் அவனைத் திட்டுகிற அப்பாவைத்தான் நம்புவேன்.